குடிக்கூலியும் பிணைப்பணமும்

தனக்கென வீடில்லாதவன் பிறர் வீட்டிற் குடியிருக்க விரும்பினால் இரண்டு பொருள்களைத் தரவேண்டியவனாகிறான். ஒன்று, அவன் அங்கே வாழும் காலத்திற்குரிய கூலி. இதனைக் குடிக்கூலி என்பது பழைய வழக்கு. வாடகை என்பது இன்றைய வழக்கு. மற்றொன்று, தன்னை நம்பலாம் என்பதற்கு ஓர் ஈடு. இதனைப் பிணை என்பர். தமிழ்நாட்டு நகரங்களில் ‘அட்வான்ஸ்’ என்றும் மலேசியாவில் ‘டெப்பாசிட்’ என்றும் மக்கள் பேச்சில் வழங்குவது இப்பிணைப்பணமே.

குடிக்கூலியின் ஏற்றத்தைப் பற்றி எழுதியவர் பலர். பிணையைப் பற்றி ஆராய்ந்தவர் சிலரே. ஆயினும், ஏழைக் குடும்பம் ஒன்று புதுவீட்டு வாயிலில் தயங்கி நிற்பது பெரும்பாலும் கூலிக்காக அன்று, பிணைக்காகவே. மலேசியாவிற் பரவலாக உள்ள வழக்கப்படி, குடிவருவோர் இரண்டு மாத வாடகையைப் பிணையாகவும், அரை மாத வாடகையை நீர், மின்சாரக் கட்டணங்களுக்கு ஈடாகவும், முதல் மாத வாடகையை முன்கூட்டியும் செலுத்தவேண்டும். எண்ணூறு ரிங்கிட் வாடகையுள்ள ஒரு சிறு வீட்டிற்கு இத்தொகை 2,800 ரிங்கிட் ஆகிறது. 2025-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமோ 1,700 ரிங்கிட். எனவே, புதுவீட்டில் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே ஒன்றரை மாத உழைப்புக்கு மேல் வேறொருவர் கையிற் சென்று தங்கிவிடுகிறது.

இப்பிணைப்பணத்திற்கு மாற்று உண்டா என்னும் கேள்வி இன்று பல நாடுகளில் எழுந்துள்ளது. இது புதிய கேள்வி அன்று. தமிழர் தம் ஊரிலும், ஈழத்திலும், கடல்கடந்து வந்த மலாயாவிலும் இதற்குப் பல விடைகளைக் கண்டிருக்கின்றனர். அவ்விடைகளை வரிசையாக வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பிணை ஒருபோதும் மறைந்துவிடுவதில்லை. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறுகிறது. அது எவர் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே குடியிருப்போரின் நிலை உயர்ந்தும் தாழ்ந்தும் வந்துள்ளது.

காக்கும் ஈடும் துய்க்கும் ஈடும்

யாக்ஞவல்கியர், நாரதர் ஆகியோர் பெயரால் வழங்கும் வடமொழி அறநூல்கள் அடைமானத்தை இரண்டாகப் பகுக்கின்றன. ஒன்று கோப்பியம், மற்றொன்று போக்கியம். கோப்பியமாவது, காத்து வைத்தற்குரிய ஈடு. ஒருவர் நகையை அடகு வைத்தால், பெற்றவர் அதனைப் பெட்டியிற் பூட்டிக் காக்கவேண்டுமே யன்றித் தம் மனைவிக்கு அணிவித்தல் ஆகாது. போக்கியமாவது, துய்த்தற்குரிய ஈடு. நிலத்தை ஈடாகப் பெற்றவர் அதன் விளைவை உண்ணலாம். அவ்விளைவே அவர் கொடுத்த கடனுக்கு வட்டி.

வீட்டுப் பிணைப்பணம் இவ்விரண்டனுள் எவ்வகையைச் சேர்ந்தது? குடியிருப்பவர் அதனைக் கோப்பியம் என எண்ணித் தருகிறார். தாம் வெளியேறும் நாளில் அது அப்படியே திரும்பிவரும் என்பது அவர் நம்பிக்கை. வீட்டுக்காரரோ பெரும்பாலும் அதனைப் போக்கியம் போலவே நடத்துகிறார். பணம் அவருடைய கடை முதலிலோ, மகள் திருமணச் செலவிலோ, வேறொரு வீட்டின் தவணையிலோ கலந்துவிடுகிறது. கேட்கும் நாளில் கையிற் பணம் இராது. அப்பொழுதுதான் சுவரில் ஆணியடித்த துளையும், மங்கிய சாயமும், குழாயின் கசிவும் பெருங்குற்றங்களாகத் தோன்றத் தொடங்குகின்றன. எல்லா வீட்டுக்காரரும் இத்தகையோர் அல்லர்; பணம் கலந்துவிடுதற்கு வழியிருப்பதே குறை.

போக்கியத்திற்குத் தமிழிற் பழம்பெயர் ஒற்றி. சோழர் காலக் கல்வெட்டுகளில் விற்றலும் ஒற்றி வைத்தலும் இணைத்துக் கூறப்படுகின்றன. இராமலிங்க அடிகள் தம் இங்கிதமாலையில் திருவொற்றியூர்ப் பெருமானைப் பாடும்போது ஊரின் பெயரையும் அடைமானத்தையும் ஒருங்கே உணர்த்தி இச்சொல்லை வைத்து நயம்பட விளையாடினார். அதே சொல் பேச்சு வழக்கில் ஒத்தி எனத் திரிந்து, மதுரையிலும் நெல்லையிலும் இன்றும் வாழ்கிறது. ‘வீடு ஒத்திக்கு விடப்படும்’ என்று எழுதித் தொங்கவிட்ட அட்டையை அப்பகுதித் தெருக்களிற் காணலாம். சென்னையில் அதனையே போக்கியம் என்பர்.

ஒற்றி வீட்டின் முறை எளியது. குடிவருபவர் ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுக்கிறார். குறித்த ஆண்டுகள் வரை மாத வாடகை இன்றிக் குடியிருக்கிறார். காலம் முடிந்ததும் வீட்டை ஒப்படைத்து முழுத்தொகையையும் திரும்பப் பெறுகிறார். ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு ஒற்றியாகக் கிடைக்கிறது என்க. அத்தொகையை நூற்றுக்கு ஆறு வட்டியில் வங்கியில் இட்டால் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரும். மாதத்திற்கு 2,500 ரூபாய். அவர் இழப்பது அவ்வட்டியை மட்டுமே. அவ்வட்டிதான் அவர் மறைமுகமாகக் கொடுக்கும் வாடகை.

இங்கு உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. வாடகைக்கு இருப்பவர் கொடுக்கும் முன்பணத்தில் அவருடைய பணம் வீட்டுக்குப் பிணை. ஒற்றியிலோ வீடு அவருடைய பணத்துக்குப் பிணை. பணம் திரும்பும் வரையில் அவர் வீட்டை விடவேண்டுவதில்லை. வாயிலில் நின்று கெஞ்சுபவராக அன்றி, உள்ளே அமர்ந்து கேட்பவராக அவர் இருக்கிறார். குடியிருப்பவர் கடன்கொடுத்தவராகவும், வீட்டுக்காரர் கடனாளியாகவும் ஆகிவிடுகின்றனர்.

இவ்வழக்கத்தை 1882-ஆம் ஆண்டின் இந்தியச் சொத்து மாற்றுச் சட்டம் அடைமானத்தின் வகைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் ஆன இத்தகைய அடைமானம் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தால் ஆகவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. முத்திரைச் செலவுக்கு அஞ்சிப் பலர் வெறுந்தாளில் எழுதிக்கொள்கின்றனர். அங்ஙனம் எழுதிக்கொண்டவர், அவ்வீடு முன்னரே வங்கியில் அடகு வைக்கப்பட்டிருப்பதை அறிய வரும் நாளில், வீட்டையும் இழந்து பணத்தையும் தேடி அலையவேண்டியவராகிறார்.

யாழ்ப்பாணத்துத் தேசவழமை

ஒற்றியை ஒழுங்குற எழுதிவைத்த பெருமை யாழ்ப்பாணத்திற்கு உரியது. ஒல்லாந்தர் ஆட்சியில் ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் கட்டளையிட, யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் அந்நாட்டுத் தமிழரின் வழக்கங்களைத் திரட்டி 1707-ஆம் ஆண்டில் ஒப்படைத்தார். அது தமிழிற் பெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலிமார் ஆராய்ந்து சரியென ஒப்பிய பின்னரே ஏற்கப்பட்டது. ஆங்கிலேயர் 1806-ஆம் ஆண்டின் 18-ஆம் ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டத்தின் வலிமையைத் தந்தனர். இதுவே தேசவழமை.

தேசவழமையில் ஒற்றி தனியிடம் பெறுகிறது. கடன் கொடுத்தவர் வட்டி வாங்குவதில்லை. நிலத்தின் பயனை எடுத்துக்கொள்கிறார். உடையவர் முதலைத் திருப்பித் தந்து நிலத்தை மீட்கிறார். ஆனால் நினைத்த பொழுதில் மீட்டுவிட இயலாது. விதைத்தவர் அறுக்க வேண்டும் அல்லவா? ஆதலின் விளைவை எடுத்துக்கொண்ட பருவத்தை ஒட்டியே மீட்க வேண்டும் என அவ்வழமை காலவரை வகுத்தது. பணம் கொடுத்தவர் நட்டமடையக் கூடாது. நிலமுடையவரும் நிலத்தை என்றென்றைக்கும் இழந்துவிடக் கூடாது. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுத்த நடுநிலை அதிற் காணப்படுகிறது. இது நிலத்திற்காகத் தோன்றிய விதியே. எனினும் வீட்டிற்கும் பொருந்தும் ஒரு நெறி இதனுள் அடங்கியுள்ளது. ஈடு மீளும் நாளும் மீளும் முறையும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதே அது.

கடாரத்தை உள்ளிட்ட மலாயாவின் வடபகுதியிலும் இதனை ஒத்ததொரு மலாய் வழக்கம் உண்டு. ‘ஜுவல் ஜஞ்சி’ என்பது அதன் பெயர். வாக்குறுதியோடு கூடிய விற்பனை என்பது பொருள். கடன் கொடுத்தவர் நிலத்தைத் தம் வசம் வைத்துப் பயனைத் துய்ப்பார். கடனைக் குறித்த காலத்தில் தீர்த்தால் நிலம் மீளும். வட்டியை விலக்கிய இசுலாமிய அறமும் இதற்கு ஒரு காரணம். தமிழரும் மலாய்க்காரரும் ஒரே சிக்கலுக்கு ஏறக்குறைய ஒரே விடையைக் கண்டனர் என்பது எண்ணத்தக்கது.

கொரியா தரும் எச்சரிக்கை

ஒற்றியை ஒரு நாட்டின் பெருவழக்காகவே ஆக்கிக்கொண்டவர் தென்கொரியர். ‘ஜொன்செ’ எனப்படும் அவர்தம் முறையில், குடிவருபவர் வீட்டு விலையிற் பாதிக்கு மேற்பட்ட தொகையையும் பிணையாகக் கொடுப்பதுண்டு. மாத வாடகை இல்லை. வழக்கமான காலம் இரண்டு ஆண்டு. இத்தகைய குடியிருப்போரைக் காப்பதற்காக 1981-ஆம் ஆண்டிலேயே அங்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டது.

எனினும், வீட்டுக்காரர் பழைய குடியின் பணத்தைப் புதிய குடியின் பணத்தைக் கொண்டே தீர்த்து வந்தனர். வீட்டு விலை ஏறும் வரையில் இச்சக்கரம் தடையின்றிச் சுழன்றது. 2022-ஆம் ஆண்டை ஒட்டி விலை இறங்கவே, புதிய குடி தரும் தொகை பழைய குடிக்குத் திருப்பவேண்டிய தொகையினும் குறைந்தது. பிறர் பணத்தாலேயே பல வீடுகளை வாங்கிக் குவித்திருந்தோர் கைவிரித்தனர். தம் சேமிப்பு முழுவதையும் இழந்தவருட் பலர் இளைஞர். 2023-ஆம் ஆண்டில் அவர்களுக்கென ஒரு தனிச் சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. துய்க்கும் ஈடு எத்துணைப் பெரிதாகிறதோ அத்துணைக் காவலும் பெரிதாக வேண்டும் என்பதே கொரியா தரும் பாடம்.

ஆளே பிணையான காலம்

பணமும் நிலமும் பிணையாவதைக் கண்டோம். மனிதனே பிணையான வரலாறும் உண்டு. அதனைத் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில் உள்ள நிபோங் திபால் வட்டாரமே அதற்குச் சான்று.

முன்னர்ப் புரோவின்ஸ் வெல்லெஸ்லி எனப்பட்ட இன்றைய செபராங் பிறையிற் சீனர் கரும்பு பயிரிட்டு வந்தனர். 1840-களில் ஐரோப்பியர் பெருந்தோட்டங்களை அமைத்தனர். கலிடோனியா, பைராம், விக்டோரியா முதலிய தோட்டங்களின் பெயர்கள் நிபோங் திபால் மக்களுக்கு இன்றும் நன்கு தெரிந்தவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கரும்பு மறைந்து பால்மரம் வந்தது. பயிர் மாறியது, ஆள் திரட்டும் நாடு மாறவில்லை. தென்னாட்டிலிருந்தே தொழிலாளர் வந்தனர்.

ஒப்பந்த முறையில் வந்தவருக்குக் கப்பற்கூலியும் பிற செலவும் முன்பணமாகக் கொடுக்கப்பட்டன. அக்கடன் அவர் சம்பளத்திற் பிடிக்கப்பட்டது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு நீங்குவது குற்றம். அதற்குச் சிறையும் உண்டு. குடியிருக்க லயத்தில் ஓர் அறை கிடைத்தது. அதற்கு வாடகை இல்லை, பிணைப்பணமும் இல்லை. மேலோட்டமாக நோக்கினால், இன்று உலகம் தேடும் ‘முன்பணமில்லா வீடு’ அன்றே கிடைத்துவிட்டது போலத் தோன்றும். உண்மை வேறு. இங்கு முன்பணம் கொடுத்தவர் முதலாளி. பிணையாக வைக்கப்பட்டது தொழிலாளியின் உடலுழைப்பு. பிணைப்பணத்தின் திசை தலைகீழாகியது. சுமை மட்டும் ஏழையின் தோளை விட்டு இறங்கவில்லை.

ஒப்பந்த முறை 1910-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசின் தடையால் முடிந்தது. சிறைத்தண்டனை போயிற்று, ஆனால் வீடும் வேலையும் ஒரே முடிச்சில் இருந்த நிலை போகவில்லை. வேலை உள்ளவரை வீடு. ஓய்வு பெற்றாலோ, நீக்கப்பட்டாலோ, தோட்டமே விற்கப்பட்டாலோ வீடும் இல்லை. மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்திலும் தோட்டத் தொழிலாளி வாடகைக்குடி என்னும் பெயரைக்கூடப் பெறவில்லை. வாடகை தராதவருக்கு வாடகைக்குடியின் உரிமையும் இல்லாமற் போயிற்று.

மலாயா விடுதலையடைந்த காலத்தை ஒட்டி இக்குறை வெளிப்பட்டது. ஐரோப்பியர் விற்ற தோட்டங்களை வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். 1951 முதல் 1960 வரை நடைபெற்ற இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளார். தோட்டம் பிரிந்த இடங்களில் வேலையும் போயிற்று, கூரையும் போயிற்று. பின்னர், 1970-களில் பினாங்கில் எழுந்த தொழிற்பேட்டைகளை நாடித் தோட்டத்து இளைஞர் பட்டணம் புகுந்தபோது, அவர்தம் குடும்ப வரலாற்றிலேயே முதன்முறையாக ஒருவர் ‘எத்தனை மாத டெப்பாசிட்?’ என்று கேட்கவேண்டியிருந்தது. அதற்கென்று சேர்த்துவைக்கும் பழக்கமோ தேவையோ லயத்து வாழ்க்கையில் இருந்ததில்லை.

பட்டணத்தின் வழி: உறவுப் பிணையும் தேநீர்ப் பணமும்

1786-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் நிறுவிய பினாங்குப் பட்டணத்தில் வேறொரு வழி நடைபெற்றது. பினாங்கு வீதியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூரையின்கீழ்ப் பல கடைகளின் முகவர்கள் தத்தம் பெட்டியடியை இட்டுத் தொழில் செய்தனர். அங்கேயே உண்டு உறங்கினர். இடம் பெற்றவர் எந்த ஊர், எந்தக் கோயில், யாருக்கு என்ன உறவு என்பன எல்லாம் எல்லாருக்கும் தெரியும். அந்த அறிமுகமே பிணை. சீனருள் கூ குலத்தாரின் கொங்சி தன் கோயிலைச் சுற்றி வீடுகளை எழுப்பித் தன் குலத்தாரைக் குடிவைத்ததும் இம்முறையைச் சார்ந்ததே. சொற்பிழைத்தவர் பணத்தை இழப்பதில்லை. தம்மவர் நடுவே முகத்தை இழப்பார். அது பணத்தினும் பெரிய இழப்பு.

உறவுப் பிணை செம்மையானதே; ஆனால் உறவில்லாதவருக்கு அதன் கதவு திறவாது. ஊரும் குலமும் சொல்லி நுழைய இயலாத தோட்டத்துத் தமிழர் அவ்வாயிலுக்கு வெளியே நின்றனர். இன்றும் சாதியும் இனமும் கேட்டு வீடு மறுக்கும் இழிவழக்கம், உறவுப் பிணையின் கெட்டுப்போன எச்சமே எனலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம் மிகவே, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 சனவரி 31-ஆம் நாளுக்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்தியது. ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகள் இதனுள் அடங்கின. வாடகை ஏறாது நின்றது, வெளியேற்றவும் முடியாது. ஆனால் அத்தகைய வீட்டிற் புதிதாக நுழைய விரும்புபவர், பழைய குடிக்கோ தலைமைக் குடிக்கோ ஒரு தொகையைக் கைம்மாறாகத் தரவேண்டியிருந்தது. ‘தேநீர்ப் பணம்’ என்பது அதன் பெயர். பம்பாயில் அதனையே ‘பகடி’ என்றனர். மகாராட்டிர அரசு 1999-ஆம் ஆண்டின் சட்டத்தால் அதற்கு ஒப்புதலும் தந்துவிட்டது. பினாங்கின் கட்டுப்பாடு 1997-ஆம் ஆண்டின் நீக்கச் சட்டத்தால் விலக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டின் முதல் நாளோடு முற்றாக ஓய்ந்தது. கூலியை மட்டும் சட்டம் அடக்கினால் அக்கூலி பிணையின் வேடத்திற் புறப்பட்டு வரும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

பிணையையே அடக்கினால் என்ன ஆகும்? தமிழ்நாட்டின் 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது எனக் கூறியது. சென்னையிலோ பத்து மாத முன்பணம் ஊரறிந்த வழக்கமாக வளர்ந்தது. 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகையை எல்லையாக வைத்தது. இந்திய அரசு 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட மாதிரிச் சட்டம் குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாதம் என்றது. ஏட்டில் எல்லை மாறிக்கொண்டே வந்தது. ஆனால் பணம் எவர் கையில் இருக்கிறது என்னும் கேள்வியை இவை தொடவில்லை. பணம் வீட்டுக்காரர் கையிலேயே இருக்குமாயின், மூன்று மாதமாயினும் பத்து மாதமாயினும் அதனைத் திரும்பப் பெறும் பாடு ஒன்றே.

இக்காலத்து நான்கு வழிகள்

அக்கேள்வியை நேராகத் தொட்ட நாடுகளும் உண்டு. அவை கண்ட வழிகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, நடுவர் கையிற் பிணை. ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு மாநிலம் 1977-ஆம் ஆண்டிற் பிணைப்பணத்திற்கென ஓர் அரசு வாரியத்தை அமைத்தது. நியூசிலாந்து 1986-ஆம் ஆண்டின் சட்டத்தால் நான்கு வார வாடகையை எல்லையாக்கி, அதனையும் அரசிடமே ஒப்படைக்கச் செய்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2007-ஆம் ஆண்டு முதல் பிணைப்பணம் அரசு ஏற்ற காப்புத் திட்டம் ஒன்றில் அடங்கியாகவேண்டும். இங்கெல்லாம் பிணை மீண்டும் கோப்பியமாகிறது. வீட்டுக்காரர் அதனைத் துய்க்க இயலாது; குடியிருப்பவரும் ஏமாற்ற இயலாது. வழக்கு எழுந்தால் நடுவர் தீர்ப்பார்.

இரண்டாவது, தவணைப் பிணை. செருமனியில் மூன்று மாத வாடகைக்கு மேற்படாத பிணையை மூன்று தவணையிற் செலுத்தக் குடியிருப்பவருக்கு உரிமை உண்டு. அப்பணம் வீட்டுக்காரரின் சொந்தப் பணத்தோடு கலவாமல் தனிக் கணக்கில் இருக்கவேண்டும். வட்டியும் குடியிருப்பவருக்கே சேரும்.

மூன்றாவது, காப்பீட்டுப் பிணை. பெருந்தொகைக்குப் பதிலாக ஒரு சிறு கட்டணம் செலுத்தினாற் போதும். சேதமோ பாக்கியோ ஏற்பட்டால் காப்பீட்டு நிறுவனம் வீட்டுக்காரருக்குத் தரும். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம் 2020-ஆம் ஆண்டில், பெரிய வீட்டுக்காரர்கள் காப்பீடு, தவணை, குறைந்த பிணை ஆகியவற்றுள் ஒன்றையேனும் ஏற்கவேண்டும் என விதித்தது. மலேசியாவிலும் முன்பணமில்லா வாடகை என விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் தோன்றியுள்ளன. குடிபுகும் நாளில் இஃது எளிதே. ஆனால் செலுத்திய கட்டணம் திரும்பி வாராது. பிணைப்பணம் சேமிப்பு, காப்பீட்டுக் கட்டணம் செலவு. மேலும், பல திட்டங்களில் நிறுவனம் வீட்டுக்காரருக்குக் கொடுத்த தொகையைப் பின்னர்க் குடியிருந்தவரிடமே வசூலிக்கும் உரிமை உண்டு. காப்பு வீட்டுக்காரருக்கு; கட்டணமும் கடனும் குடியிருப்பவருக்கு. ஒப்பந்தத்தைப் படியாது கையெழுத்திடுவோர் இதனை அறியார்.

நான்காவது, சொற்பிணை. இங்கிலாந்தின் நகராட்சிகள் சிலவும் அறநிலையங்கள் சிலவும், ஏழைக் குடும்பத்திற்காகப் பணம் கட்டாமல், சேதம் நேர்ந்தால் இவ்வளவு வரை தாமே ஈடுசெய்வதாக எழுத்தில் உறுதி தருகின்றன. இது பழைய உறவுப் பிணையே. ஆனால் உறவின் இடத்தில் ஓர் அமைப்பு நிற்கிறது; குலமும் கோத்திரமும் கேட்கப்படுவதில்லை.

மலேசியாவிற் குடியிருப்பு வாடகைக்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்னும் பேச்சு அண்மை ஆண்டுகளில் வலுத்துள்ளது. அதுவரை 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் இருவர் எழுதிக்கொண்ட உடன்படிக்கையுமே பெரும்பாலும் துணை. 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத தொகையை வழக்கறிஞரின்றிக் கேட்கச் சிறு கோரிக்கை முறை மாஜிஸ்திரேட்டு நீதிமன்றத்தில் உண்டு. ஆனால் சான்றின்றி வழக்கில்லை. குடிபுகும் நாளிலேயே சுவர், கதவு, குழாய், மின்விளக்கு ஆகியவற்றின் நிலையைப் பட்டியலிட்டு, படம் எடுத்து, இருவரும் கையெழுத்திட்டுக் கொள்வது செலவில்லாத காவல். பணம் திரும்பும் நாளையும் அதிற் குறித்துக்கொள்ள வேண்டும். தேசவழமை மீட்கும் பருவத்தை வரையறுத்த அதே அறிவுதான் இது.

கூட்டின் வலிமை

பிணை எவர் கையில் இருத்தல் நன்று என்னும் கேள்விக்கு மலேசியத் தமிழர் வரலாற்றிலேயே ஒரு விடை கிடக்கிறது. தோட்டத்துப் பெண்கள் மாதந்தோறும் சிறுதொகை போட்டுச் சுற்றுமுறையில் எடுத்துக்கொண்ட ‘கூட்டு’ மலாய் மொழியிலும் ‘குத்து’ எனப் புகுந்தது. ஏமாற்றுக்காரர் கையில் அது சிக்கியதால் 1971-ஆம் ஆண்டிற் சட்டம் அதனைத் தடைசெய்தது. கூட்டு நடத்துவோரை நம்பும் நம்பிக்கை இருந்தது. அந்நம்பிக்கையைக் காக்கும் கணக்கும் தணிக்கையும் இல்லை.

கணக்கும் தணிக்கையும் உடைய கூட்டு எத்துணை வலியது என்பதைத் துன் வீ. தி. சம்பந்தன் காட்டினார். தோட்டத் துண்டாடலைத் தடுக்க அவர் 1960-ஆம் ஆண்டிற் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு பங்கு நூறு வெள்ளி. அதனை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். நாட்கூலித் தொழிலாளர் செலுத்திய அப்பத்து வெள்ளிகள் சேர்ந்து, 1961-ஆம் ஆண்டிற் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கின. ஆளையே பிணையாகக் கேட்ட நிலத்தை, அந்த ஆள்களின் சேமிப்பே விலைக்கு வாங்கியது. பிணையின் நெடுவரலாற்றில் இதற்கு நிகரான திருப்பம் வேறொன்று காண்டல் அரிது.

நிலத்தை வாங்க இயன்ற கூட்டுறவுக்கு ஒரு வீட்டின் பிணைக்குப் பொறுப்பேற்பது இயலாததன்று. உறுப்பினர் ஒருவர் வாடகை வீட்டிற்குச் செல்லும்போது, சங்கம் பணத்துக்குப் பதிலாக உறுதிக்கடிதம் தரலாம். அல்லது பிணைத்தொகையைக் கடனாகத் தந்து தவணையிற் பெறலாம். தவணை முடிந்த பின் அப்பணம் உறுப்பினரின் சேமிப்பாகவே நிற்கும். காப்பீட்டுக் கட்டணம் போலக் கரைந்துபோகாது. வீட்டுக்காரருக்கும் தனிமனிதரின் வாய்ச்சொல்லினும் பதிவுபெற்ற சங்கத்தின் எழுத்து நம்பத்தக்கது. ஒற்றியின் நன்மை, குடியிருப்பவர் தலைநிமிர்ந்து நிற்பது. நடுவர் முறையின் நன்மை, பணம் கலவாமல் இருப்பது. உறவுப் பிணையின் நன்மை, அறிந்தோர் துணை நிற்பது. இம்மூன்றும் இதில் ஒருங்கே அமையும்.

தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஒற்றி, போக்கியம், பிணை, ஈடு என்னும் சொற்களை மாணவர் அகராதிப் பொருளோடு விட்டுவிடாமல், அவற்றின் பின்னேயுள்ள கணக்கையும் உரிமையையும் சேர்த்துக் கற்பார்களாயின், நாளை ஒரு வாடகைப் பத்திரத்தின் அடியிற் கையெழுத்திடுமுன் அதன் ஒவ்வொரு வரியையும் நிறுத்திப் படிப்பார்கள். முன்னோர் கைந்நாட்டு வைத்து இழந்தவற்றை நினைத்தால், அந்தச் சிறு நிறுத்தத்தின் மதிப்பு விளங்கும்.